சம்பளத்தில் பிடித்த பணம் நிறுவனத்தின் பணம் அல்ல

தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தைக் கட்டாமல் விட்ட ஓர் ஆலையைப் பற்றி நேற்று நான் எழுதியதற்கு நண்பர் ஒருவர், "மாதாமாதம் பாஸ்புக்கைப் பார்க்காதது தொழிலாளியின் தவறுதானே" என்று கேட்டிருந்தார். அந்த வரி இரவெல்லாம் உறுத்தியது.

சம்பளத்தில் 12 சதவீதத்தை பி.எஃப். என்று பிடித்த கணத்திலேயே அது நிறுவனத்தின் பணம் அல்ல. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய தொழிலாளியின் பணம். பிடித்ததைக் கட்டாமல் விடுவதை, ஒப்படைத்த பொருளைக் கையாடியதாகவே பழைய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவு கருதியது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அப்படியிருந்தும், ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் ஆண்டுக்கு 25 சதவீதமாக இருந்த அபராதத்தை 2024 ஜூனில் மாதத்துக்கு 1 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்.

2017இல் நான் வேலை பார்த்த பட்டறையில் சம்பளச் சீட்டில் மாதம் 1,800 ரூபாய் பிடித்தம் தவறாமல் இருந்தது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் கேட்டு விண்ணப்பித்தபோதுதான் 14 மாதங்களாக ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை என்று தெரிந்தது. அம்மா தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். கையெழுத்திட்ட சீட்டை நம்பியதுதான் என் தவறா?

பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்பவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். பி.எஃப். பணத்தை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இபிஎஃப்ஓவிடம் கட்டுவதிலிருந்து விலக்கு பெற்று, சொந்த டிரஸ்ட் மூலம் பி.எஃப். நடத்தும் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு இபிஎஃப்ஓ தளத்தில் பாஸ்புக் கிடைக்காது. டிரஸ்ட் காட்டும் கணக்கைத்தான் அவர்கள் நம்ப வேண்டும். 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியபோது, உயர்ந்த தரமதிப்பீட்டை நம்பி அதன் கடன் பத்திரங்களை வாங்கியிருந்த பி.எஃப். டிரஸ்டுகளும் சிக்கிக்கொண்டன. தவறான முதலீட்டால் வரும் நட்டத்தை முதலாளியே ஈடுகட்ட வேண்டும் என்பது விலக்கின் நிபந்தனை. ஆனால் அந்த முதலாளியே நொடித்துப்போனால் ஊழியர் யாரிடம் போவார்?

"நெருக்கடியில் நிறுவனம் என்ன செய்யும்?" என்றும் கேட்கிறார்கள். சிறு பட்டறைகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். முதலாளி தன் பங்கைக் கட்டச் சில நாள் தாமதித்தால்கூடப் புரிந்துகொள்வேன். ஆனால் என் கூலியில் பிடித்ததை எடுத்து மின்கட்டணம் கட்டுவதற்கு எந்த நெருக்கடியும் நியாயமாகாது.

15ஆம் தேதி தவறிய முதல் மாதமே பி.எஃப். அதிகாரி ஆலைவாசலில் நிற்க வேண்டும். அந்த ஆலையில் அப்படி யாரேனும் வந்து நின்றார்களா என்றுதான் நண்பர் கேட்டிருக்க வேண்டும்.