பாட்டில்லாத பாட்டுக்காரி

பென்னாகரம் பக்கத்து எங்கள் பாட்டுக்கார ஆயாவைப் பற்றி வாழ்க்கை வரலாறு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் தேடி வாங்கி, அன்று ராத்திரியே படித்து முடித்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

112 பக்கத்தில் முதல் 26 பக்கம் வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை. அப்புறம் பொன்னாடை போட்டோக்கள். ஆயா பிறந்தது ஒரு பக்கத்தில் 1938, இன்னொரு பக்கத்தில் நாடு சுதந்திரம் அடைந்த வருஷம். சரி, அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள். 'தர்மபுரி மாவட்டத்தில் பிறந்தார்' என்பதையும் விட்டுவிடலாம், 1965 வரை நாமெல்லாம் சேலம் ஜில்லா. ஆனால் புத்தகம் எழுதியவர் திரும்பத் திரும்ப 'தர்மபுரியின் கொல்லங்குடி கருப்பாயி' என்கிறாரே, அதுதான் எரிச்சல். கருப்பாயி சிவகங்கைச் சீமைக்காரர், வானொலியில் பாடியவர், 1985இல் ஆண்பாவம் படத்தில் நடித்தவர், அவர் மேல் எனக்கும் மதிப்புண்டு. எங்கள் ஆயா எதற்கு இன்னொருவர் பேரில் அறிமுகமாக வேண்டும்?

பாட்டுக்காரியைப் பற்றிய புத்தகத்தில் மொத்தமே நாலு பாட்டு. அதிலும் அவர் கேவுரு என்று பாடியதைக் கேழ்வரகு என்று திருத்தி வைத்திருக்கிறார்கள். கும்மி தட்டிப் பாடிப் பாருங்கள், கை எங்கே விழுகிறது என்று தெரியும். 1960களிலேயே நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை தொகுத்த பாடல்களில் பேச்சு வழக்கை அப்படியே விட்டு, கீழே வட்டாரச் சொல்லுக்குப் பொருள், சேகரித்தவர், இடம் என்று போட்டிருக்கிறார்கள்.

ஒப்பாரிக்கு ஒரே வரி: 'ஒப்பாரியிலும் வல்லவர்.' என் பாட்டி செத்த அன்றைக்கு ஆயா வந்து உட்கார்ந்து பாட ஆரம்பித்தார், பாதியில் என் பாட்டியை விட்டுவிட்டு, எப்போதோ செத்துப்போன தன் அண்ணனைக் கூப்பிட்டு, இனி எனக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணி யார் கொண்டு வருவார் என்று கேட்டார் பாருங்கள், சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் அவரவர் அண்ணன் தம்பியை நினைத்து உடைந்துவிட்டார்கள். சாவு விழாத வீட்டில் பாடவும் மாட்டார். ஒருமுறை பதிவு செய்யக் கேட்டபோது, "ஊட்டுல வேணாஞ்சாமி, கொல்லைக்கு வா" என்று கூட்டிப்போய் புளியமரத்தடியில் பாடினார்.

'காலமாற்றத்தால் கலை நலிந்தது' என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? பம்புசெட் வந்து, மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பது நின்றது, பின்பாட்டுப் பாடிய பெண்கள் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள், ஆயா யாரோடு பாடுவார்? போன வருஷம் அவர் சாவுக்கே ஸ்பீக்கர் செட்டில்தான் ஒப்பாரி ஓடியது.

எழுதியவர் நல்ல மனிதர், கைக்காசு போட்டுத்தான் அச்சடித்திருக்கிறார். நேற்று போன் செய்தேன். இரண்டு மணி நேரப் பதிவு வைத்திருக்கிறாராம். ஏன் புத்தகத்தில் போடவில்லை என்றேன். "அதெல்லாம் கொச்சையா இருக்குதுங்க சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு போகிறேன்.