பனி உருகினால் கடைமடைக்கு என்ன?

"காவிரி மழை ஆறு. இமயமலையில் பனி உருகினா நமக்கென்ன?" டீக்கடையிலும் இதைத்தான் கேட்கிறார்கள், முகநூலிலும் இதைத்தான் கேட்கிறார்கள். பாதி சரி. கங்கைக்கும் சிந்துவுக்கும் பின்னால் பனிமலை இருக்கிறது. நம் காவிரி தலைக்காவிரியில் பிறந்து குடகு மழையில் வளர்வது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்பதைத் தென்மேற்குப் பருவமழை சொல்லும், கர்நாடகம் சொல்லும். பனிக்கு அதில் வேலை இல்லை.

ஆனால் காவிரிப் பாசனம் வந்து முடிகிற கடைமடையில், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் மேற்கிலிருந்து மட்டும் வருவதில்லை. கிழக்கே கடல் இருக்கிறது. பனி அந்த வழியாகத்தான் வரும்.

கடலில் மிதக்கிற பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக ஏறாது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் மலைகளிலும் தரைமேல் கிடக்கும் பனிதான் பிரச்சினை. அதனோடு, கடல்நீர் சூடாகி விரிவதும் சேர்ந்துகொள்கிறது. 1901-இலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 3.7 மி.மீ. என்று வேகம் கூடியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரீன்லாந்தின் அவ்வளவு பனியும் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலை இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும், அதன் கரையோரம் கடல் இறங்கும். அந்தத் தண்ணீர் நம்மைப் போலத் தூரத்தில் இருப்பவர்கள் பக்கம் வந்து சேரும்.

3.7 மி.மீ. என்றால் சிரிப்புதான் வரும். மண்ணுக்குக் கீழே போய்ப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைக்கும் என்பது பழைய கணக்கு. கடல் கொஞ்சம் ஏறினாலும், போர்வெல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சினாலும், கீழே உப்பு அதைப்போல் நாற்பது மடங்கு மேலேறும். அடிபம்பில் கரிப்புத் தெரிகிறபோது காரியம் முடிந்திருக்கும்.

அதற்காக எல்லாப் பழியையும் கிரீன்லாந்தின் தலையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். புது வண்டல் வந்துகொண்டிருந்தால்தான் அமுங்குகிற நிலம் ஈடாகும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் அந்த வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. மிச்சமிருந்த மணலையும் லாரியில் ஏற்றிவிட்டோம். வயலுக்கு நடுவே இறால் பண்ணைக்கு உப்புத் தண்ணீர் ஏற்றினோம். கடல் ஏறுவதை நாம் தடுக்க முடியாது, சரி. நிலம் தாழ்வதிலும் உப்பாவதிலும் நம் பங்கு எவ்வளவு என்று பேச வேண்டாமா?

பறவைகளையும் இதில் விட முடியாது. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் உள்ளான் என்ற கரையோரப் பறவைகளில் சில வகைகள், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிப்பவை. அங்கே லெம்மிங் என்றொரு எலி பனிக்கு அடியில் குளிர்காலத்தை ஓட்டும். எலி பெருகிய வருடம் நரிக்கு அதுவே போதும், குஞ்சுகள் பிழைக்கும். நடுக்குளிர்காலத்தில் பனி இளகி மறுபடி உறைந்தால் எலிக்கு இடம் போகும். அப்புறம் நரி பறவைக் கூட்டைத் தேடி வரும். நம் உப்பளத்தில் அந்த வருடம் இளம் பறவைகள் குறைவாக இருந்தால், காரணம் அங்கேயும் இருக்கலாம்.

இப்போது கடைமடையில் இயக்கு அணை, அதாவது திறந்து மூடும் கதவு வைத்த தடுப்பணை, கட்டினால் போதும் என்கிறார்கள். உப்பைத் தடுக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வடிய அதே கதவைத் திறந்தாக வேண்டும். கடல் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் வெள்ளம் வடியும். கடல்மட்டம் ஏற ஏற அந்த நேரம் சுருங்கும், சம்பாப் பயிர் அத்தனை நாள் கூடுதலாக மூழ்கிக் கிடக்கும். கதவின் உயரத்தை எந்த வருடத்துக் கடல்மட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று அடுத்த கிராமசபையில் கேட்கப் போகிறேன். கோடையிலும் மழைக்குப் பிறகும் ஊர்க் கிணறுகளின் உப்பளவை அளந்து ஊராட்சிப் பலகையில் எழுதச் சொல்லியும் கேட்பேன். குழியடிச்சான் மாதிரி உவர் தாங்கும் நெல் விதை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அன்றைக்கு வந்து பேசுங்கள்.