முதல்ல பேனல், அப்புறம்தான் ஹெர்ட்ஸ்

ரெண்டு நாளா அந்த சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாண) வீடியோவைப் பின்னூட்டத்துல போட்டுக் கிழிச்சாச்சு. ஆச்சியோட புதுக் கண்டாங்கி பத்து வருசம் துவைச்ச சீலை மாதிரி வெளுத்துக் கிடக்கு, வளவுத் (வீட்டு உள்முற்றத்து) தேக்குத் தூணெல்லாம் சாம்பல் பூசினாப்ல இருக்கு, எல்லாம் சரி. "தம்பிக்கு எடிட்டிங் வரல"ன்னு தீர்ப்பும் எழுதியாச்சு. அவன் எந்தத் திரையில கலர் பார்த்தான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

அவன் வாங்கினது 27 இன்ச் வளைவுத் திரை, விஏ பேனல் (பேனல்னா படத்தைக் காட்டுற பலகை, விஏ அதுல ஒரு வகை), 1080பி (1920×1080 பிக்சல்), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படம் புதுசாகும்). பெட்டி மேல "எஸ்ஆர்ஜிபி 120%". கேமுக்கும் ஆகும், எடிட்டிங்குக்கும் ஆகும்னு சொல்லி வித்திருக்காங்க.

அந்த 120 தான் வினை. எஸ்ஆர்ஜிபி-ங்கிறது திரைகளுக்குப் பொதுவா வச்ச நிற எல்லை. அதுக்குள்ள எடுத்த வீடியோவோட நிறத்தை அந்தத் திரை எல்லை தாண்டி விரிச்சுக் காட்டும். கண்டாங்கியோட அரக்கு கண்ணைக் குத்தும், அவன் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) குறைப்பான், நம்ம போன்ல நிறம் செத்துடும். தூணும் அப்படித்தான். விஏ பேனலை நேரா உட்கார்ந்து பார்த்தா இருட்டுப் பகுதி அமுங்கிடும். மர ரேகை தெரியலயேன்னு ஷேடோவைத் தூக்குவான். வேற திரையில அது சாம்பலும் புள்ளியுமா வரும். கேம்லகூட இருட்டுக்குள்ள ஆள் ஓடினா பின்னாடி கரும்புகையா இழுக்கும். அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்: முதல்ல பேனல்.

"பட்ஜெட்டுக்கு இதுதாண்ணே கிடைக்கும்"ன்பீங்க. கிடையாது. அதே காசுக்குள்ள 24 இன்ச் ஐபிஎஸ் (கோணம் மாறினாலும் அவ்வளவா மாறாத பேனல் வகை), எஸ்ஆர்ஜிபி 99%, 100 ஹெர்ட்ஸுக்கு மேலயே கிடைக்குது. 1080பி-யை 27 இன்ச்ல நீட்டினா இன்ச்சுக்கு 82 பிக்சல், எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். 24-ல 92. 27 தான் வேணும்னா 1440பி-க்கு (2560×1440) போங்க, 109 வரும். "என்டிஎஸ்சி 45%"னு (அதுவும் ஒரு நிற அளவுதான், 45-ன்னா நிறம் ரொம்பக் கம்மி) போட்டிருந்தா தொடவே தொடாதீங்க. திரையோட மெனுவுல எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கான்னு கடையிலயே போட்டுப் பாருங்க. சிலதுல அதைப் போட்டதும் பிரைட்னஸ் பூட்டிக்கும்.

"கேலிப்ரேட் பண்ணாதது அவன் தப்பு"ன்னு ஒருத்தர். கருவி வச்சுத் திரை நிறத்தைத் திருத்துறதுதான் கேலிப்ரேட். நிறத்துக்கு அது உதவும், ஒத்துக்கிறேன். தலையைக் கொஞ்சம் அசைச்சாலே மாறுற விஏ நிழலை எந்தக் கருவி சரிபண்ணும்?

"எல்லாரும் போன்லதானே பாக்கப் போறாங்க"ன்னு இன்னொருத்தர். போன்ல சரியா வரணும்னுதானே இவ்வளவு பாடு!

வாங்கியாச்சுன்னாலும் விட்டுடாதீங்க. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போட்டு, விண்டோஸ் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில ஹெர்ட்ஸை நீங்களே ஏத்தணும். இல்லாட்டி பல நேரம் விண்டோஸ் 60-லயே ஓட்டிக்கிட்டிருக்கும். எச்டிஎம்ஐ கேபிள்னா, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டோட கண்ட்ரோல் பேனல்ல டைனமிக் ரேஞ்ச் "லிமிடெட்"ல நிக்குதான்னு பாருங்க, "ஃபுல்"லுக்கு மாத்தினா சாம்பலா வெளுக்காம கருப்பு கருப்பாவே வரும்.

இதையெல்லாம் விக்கும்போது யாரும் அவன்கிட்ட சொல்லல. அவனுக்கு அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரணும். அவன் பேரைப் போட்டு எழுதின பின்னூட்டங்களைத் தயவுசெஞ்சு இன்னைக்கே எடுத்துடுங்க.