முதலில் மூடியைக் கழற்றுங்கள்

“மாமா, எட்டு வருடக் கணினிப் பெட்டி. பேசாமல் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்” என்றான் அக்கா மகன். புதுச்சேரியில் பொறியியல் படிக்கிறான். அந்த வயதில் எதை வேண்டுமானாலும் எடைக்குப் போடலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் விசாரித்த கடையிலும் இதே பேச்சுதான். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு பட்டியல் எழுதி நீட்டினார்கள்.

2018இல் விளையாட்டுக்கென்றே சேர்த்த கணினி அது. மூளையாக ரைசன் 5 1600 பிராசசர், எல்லாவற்றையும் இணைக்கும் பலகையாக பி350 மதர்போர்டு, படம் வரைய ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, நினைவகமாக 16 ஜிபி ரேம். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கார் ஓட்டுவேன், இல்லையென்றால் வாளைத் தூக்கிக்கொண்டு யாரையாவது துரத்துவேன். நாற்பது வயதில் எனக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. சில மாதங்களாக, விளையாட்டில் கூட்டமான தெருவுக்குள் நுழைந்தாலே படம் திக்கித் திணறியது. போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் நின்றது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் என் 1600க்கு இடமில்லை.

மாற்றலாமா, மேம்படுத்தலாமா என்று கேட்பவர்களில் பலர், எது திணறுகிறது என்று பார்ப்பதே இல்லை. அதற்கு ஐந்து நிமிடம் போதும், காசும் செலவில்லை. விளையாட்டின் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் நுணுக்கத்தை, நன்றாகக் குறைத்துப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டுதான் குற்றவாளி என்றால் வேகம் எகிறியிருக்க வேண்டும். கொஞ்சமும் எகிறவில்லை. கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க, பிராசசர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் கொடுத்துப் புது கார்டு போட்டிருந்தாலும் அந்தத் தெருவில் இதே திணறல்தான் இருந்திருக்கும்.

அடுத்தது மதர்போர்டு. அதை மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டால் ‘மேம்படுத்துகிறேன்’ என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று வேலை. இன்றைய புது போர்டுகளில் பெரும்பாலானவை டிடிஆர்5 ரேம் கேட்பவை. டிடிஆர்4 ரேமில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. ஒன்று மாறினால் மூன்று மாறும். எனக்கு அதிர்ஷ்டம், பிராசசர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட். 2020 இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசசர்களுக்கும் அதே சாக்கெட்தான். என்னுடையதுபோன்ற பழைய போர்டுகளில் அதைப் பொருத்த, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி 2022இல் வழிவிட்டது. நெய்வேலி நண்பர் ஒருவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடையது இன்டெல் ஏழாம் தலைமுறை. எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் அதே 1151தான், ஆனால் அவருடைய போர்டில் ஓடாது. அவரைப் புதிதாகவே வாங்கச் சொன்னேன்.

அவர் பாடும் திண்டாட்டம்தான். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை தலைதெறிக்க ஏறியது. குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் சில்லு தயாரிக்கும் மைக்ரான் அறிவித்தது. என்னிடம் கொடுத்த பட்டியலிலும் ரேமுக்கு எதிரே இருந்த தொகைதான் வயிற்றைக் கலக்கியது. கையில் இருக்கிற டிடிஆர்4ஐ விட்டுவிட்டு அதற்குப் பணம் கட்ட நான் என்ன பைத்தியமா?

இனி கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும். எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். துணி காயப்போடும் கம்பியே ஒரு வருடம் தாங்காது. கேபினட் மூடியைக் கழற்றியபோது திருகாணித் தலையில் இருந்த துரு விரலோடு வந்தது. யுஎஸ்பி துளைகளைச் சுற்றிப் பழுப்புக் கறை. டார்ச் அடித்து மதர்போர்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். எங்கேனும் செம்பு அரித்துப் பச்சை பூத்திருந்தால் அன்றே அக்கா மகன் கட்சியில் சேர்ந்திருப்பேன். பூக்கவில்லை. பவர் சப்ளையின் விசிறியில் மட்டும் ஈரத் தூசி கம்பளிபோல அப்பியிருந்தது. பவர் சப்ளையையே யோசிக்காமல் மாற்றினேன். அது போகும்போது தனியாகப் போகாது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி ரெயின்போ நகரில் கேபினட் நனைந்துபோன பையன் ஒருவனுக்கு இந்த விவாதத்துக்கே வேலையில்லாமல் போனது, அது வேறு கதை.

சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போன நண்பர் ஒருவர் ரைசன் 5 5600 பிராசசர் வாங்கி வந்தார். பழையதைக் கழற்றும் முன்பே பயாஸை, அதாவது மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியதைப் போர்டுக்கு அடையாளம் தெரியாது. புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டே போய்விடலாம். கடலூரில் இருந்துகொண்டு இதைச் செய்பவனுக்கு நெஞ்சுரம் வேண்டும். யுபிஎஸ்ஸில் மாட்டி, பென் டிரைவைச் செருகிவிட்டு, சதவீதம் ஏறுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 60இல் நின்றுவிட்டதுபோல் தோன்றியது. வெளியே வேப்பமரம் வேறு ஆடிக்கொண்டிருந்தது.

கழற்றுவதிலும் ஒரு கண்டம் உண்டு. பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், கூலரைத் தூக்கும்போது பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதன் அடியில் 1331 ஊசிகள். பத்து நிமிடம் விளையாடிச் சூடாக்கி, கணினியை அணைத்து, கூலரை மூடிபோல இடமும் வலமும் மெல்லத் திருகி எடுத்தேன். ஒன்றுகூட வளையவில்லை.

எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரம் சொச்சம். விண்டோஸ் 11 முணுமுணுக்காமல் ஏறியது, தெருவில் திணறலும் போயிற்று. 1060 கார்டுக்கு வயதாகிவிட்டதை மறைக்கவில்லை. புது விளையாட்டுகளுக்கான டிரைவர் மென்பொருளை அதற்குத் தருவதை, அதைத் தயாரித்த என்விடியா நிறுத்திவிட்டது. அடுத்த செலவு அதுதான், ஆனால் இந்த வருடம் இல்லை. “ஜிடிஏ 6 விளையாட்டு வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று மடக்கப் பார்த்தான் அக்கா மகன். அறிவித்திருப்பது பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தானே என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது, பழைய 1600ஐப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தான். விடுதி நண்பனின் போர்டில் அது உட்காருமாம்.