மார்க்கெஸ் திரும்பி வந்த கதைய நம்ம பசங்க தப்பா சொல்றாங்க

ஸ்பெயின்காரன் மார்க் மார்க்கெஸ் மோட்டோஜிபில, அதாவது பெரிய மோட்டர் சைக்கிள் ரேஸ் போட்டில, மறுபடியும் சேம்பியன் ஆனதுலேர்ந்து கேஎல் செந்தூல்ல எந்த மாமாக் கடைல உக்காந்தாலும் பசங்க வாய்ல ஒரே பேச்சுதான், கைல ஆபரேஷன் முடிஞ்ச நாலாவது நாளே மோட்டர் ஏறுனான் பாரு, அவன்தான்டா ஆம்பளன்னு. எனக்கு மார்க்கெஸ்ஸ ரொம்பப் புடிக்கும், அதனாலதான் இதக் கேக்கும்போது அவ்ளோ கோவம் வருது.

2020 ஜூலை 19, ஸ்பெயின்ல ஹெரெஸ் ரேஸ். ஆரம்பத்துல டிராக்க விட்டு வெளிய போயி கடைசிக்கிட்ட தள்ளப்பட்டவன், ஒவ்வொருத்தனா வெட்டி மூணாவது எடத்துக்கு வந்துட்டான், அப்ப விழுந்ததுலதான் வலது மேல்கை எலும்பு ஒடஞ்சுது. செவ்வாக்கெழம ஆபரேஷன் பண்ணி எலும்பு கூட பிளேட் வச்சாங்க, சனிக்கெழம அதே ஹெரெஸ்ல மோட்டர் மேல இருந்தான், முடியாம எறங்கிட்டான். கொஞ்ச நாள்ல அந்த பிளேட்டே போச்சு, ஆகஸ்ட்ல ரெண்டாவது ஆபரேஷன், டிசம்பர்ல மூணாவது, எலும்புல இன்ஃபெக்ஷன் வேற. அந்த வருஷம் முழுசா போச்சு. பசங்க ஆம்பளத்தனம்னு சொல்ற அந்த சனிக்கெழமைக்கு அவன் குடுத்த வெலை இது.

2021ல மூணு ரேஸ் ஜெயிச்சான், ஆனா எலும்பு 34 டிகிரி திரும்புன மாதிரியே கூடியிருக்கு, அந்தக் கைய வச்சுக்கிட்டு அவன் ஸ்டைல்ல ஓட்டவே முடியாது. நடுவுல கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியிற பிரச்சன வேற ரெண்டு தடவ வந்துச்சு.

என்னக் கேட்டா அவன் வாழ்க்கை திரும்புனது 2022 ஜூன்லதான். சீசன் பாதில ரேஸ நிறுத்திட்டு அமெரிக்காவுல மாயோ கிளினிக் போயி, கூடுன எலும்ப மறுபடி வெட்டி நேராக்கி வைக்கிற நாலாவது ஆபரேஷனுக்குப் படுத்தான். நல்லா ஆகும்னு எந்த கேரண்டியும் இல்ல. என்னால முடியலன்னு ஒலகத்துக்கு முன்னால சொல்லிட்டு வீட்ல உக்காந்து ஃபிசியோ பண்ற தைரியம் இருக்கே, அதப் பத்தி மாமாக் கடைல ஒருத்தனும் பேச மாட்றான்.

எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன், சாப்பாடு டெலிவரி பண்றவன், விழுந்து கைல பிளேட் வச்சிருக்கு. டாக்டர் குடுத்த எம்சி லீவு முடியறதுக்குள்ள கப்சாய், அதான் சின்ன மோட்டர், எடுத்துட்டுக் கெளம்பிட்டான், கேட்டா மார்க்கெஸ் பேரச் சொல்றான். வீட்டு நெலமை எனக்குத் தெரியும், ஓடுனாத்தான் காசு, அதுக்காக அவன நான் கொறை சொல்லல. ஆனா அதுக்கு மார்க்கெஸ் பேர எடுக்காத தம்பி, அவன் கை உருப்பட்டதே ஒழுங்கா ரெஸ்ட் எடுத்ததுக்கு அப்புறம்தான்.

இன்னொண்ணு ஹோண்டா, அவன் அப்ப ஓட்டிட்டிருந்த டீம். 2023ல ஜெர்மனி சாக்சென்ரிங்ல ஒரே வாரக் கடைசில அஞ்சு தடவ விழுந்தான், அவன் ராஜாவா இருந்த டிராக் அது, ஞாயித்துக்கெழம ரேஸே ஓட்டல. 2024 வரைக்கும் அக்ரிமெண்ட், மோட்டோஜிபிலயே பெரிய சம்பளத்துல ஒண்ணு, அத்தனையும் விட்டுட்டு தம்பி அலெக்ஸ் இருந்த கிரெசினி டீம்ல போயி முந்துன வருஷத்து டுகாட்டிய வாங்கி ஓட்டுனான். 2024 செப்டம்பர் 1 ஸ்பெயின் அரகான்ல ஜெயிச்சப்ப, கடைசியா ஜெயிச்சு 1043 நாள் ஆயிருந்துச்சு. அடுத்த வருஷமே டுகாட்டி கம்பெனியோட சொந்த ஃபேக்டரி டீம், 11 ரேஸ் ஜெயிப்பு, 2025 செப்டம்பர் 28 ஜப்பான் மோட்டேகில சீசன்ல இன்னும் அஞ்சு ரேஸ் வாரம் மிச்சம் இருக்கும்போதே டைட்டில். மோட்டோஜிபில ஏழாவது, ஆறு வருஷத்துக்கு அப்புறம். 2015ல நம்ம செப்பாங் ரேஸ்ல இன்னொரு பெரிய ரைடர் ரோசியோட முட்டிக்கிட்டதுலேர்ந்து கேஎல்ல அவன திட்டுனவங்க நெறைய பேரு, அவங்களே அன்னிக்கு ஸ்டேட்டஸ் போட்டாங்க.

அடுத்த வாரமே இந்தோனேசியால பின்னாலேர்ந்து பெசெக்கிங்கற ரைடர் இடிச்சு தோள்பட்டைல அடி. இந்தத் தடவ அவசரப்படாம ரெஸ்ட் எடுத்தான், செப்பாங்குக்கு வரல, இங்க ஜெயிச்சது அலெக்ஸ். டைட்டில்தான் கைல இருக்கே, அப்ப ரெஸ்ட் எடுக்குறது ஈசின்னு பசங்க சொல்றாங்க. 2020லயும் அவன் கைல ஆறு மோட்டோஜிபி டைட்டில் இருந்துச்சு, நாலு வருஷத்துக்கு ஹோண்டா கையெழுத்தும் இருந்துச்சு, அப்பவும் நாலாவது நாள் ஏறுனவன்தானே அவன்.