ஓட்டுநர்களுக்குப் பயிற்சியோடு பாதுகாப்பும் வேண்டும்

மனிதக் கடத்தலைத் தடுக்கும் பணியில் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்த கருத்தை முழுமையாக ஆதரிக்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்து சென்னை சென்ட்ரலில் இறங்கும் பிள்ளைகளை, நிலையத்துக்கு வெளியே முதலில் எதிர்கொள்பவர்கள் அவர்கள்தாம். ஐந்தாறு பிள்ளைகளின் ஆதார் அட்டைகளையும் கைப்பேசிகளையும் ஒரே ஆள் வைத்திருப்பது, பிள்ளைகளிடம் கேட்டாலும் அவரே பதில் சொல்வது, எங்கே போகிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாதிருப்பது, பாதி வழியில் முகவரி மாறுவது ஆகிய கடத்தல் அறிகுறிகளை வண்டியோட்டுபவரைவிட அருகிலிருந்து காண்பவர் யாருமில்லை.

ஆனால், 1098 (குழந்தைகள் உதவி எண்), 112 (அவசர உதவி எண்) ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் ஒருநாள் பயிற்சி போதாது. தகவல் சொல்லப் போய்க் காவல் நிலையத்தில் காத்துக் கிடந்து, அன்றைய வருமானத்தையும் இழந்து, பிறகு சாட்சியாக நீதிமன்றத்துக்கு அலைய நேருமோ என்ற அச்சம் நியாயமானது. சாலை விபத்தில் உதவுபவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது; அத்தகைய பாதுகாப்பு தகவல் சொல்லும் ஓட்டுநர்களுக்கும் எழுத்துப்பூர்வமாகக் கிடைக்க வேண்டும்.

அதே வேளையில், பிழைப்புக்காகத் தாமாகவே வரும் வடமாநிலத் தொழிலாளர்களையெல்லாம் சந்தேகிக்கும் வழக்கம் வளர்ந்துவிடக் கூடாது. யாரையும் மடக்கி விசாரிப்பது ஓட்டுநரின் வேலையன்று. ஏற்றிய இடம், இறக்கிய இடம், கண்டது ஆகியவற்றை உடனே தெரிவித்தாலே போதும். இதைத் தொழிற்சங்கங்கள் மூலம் ஸ்டாண்டிலேயே சொல்லித் தருவது நல்லது. சவாரியை விட்டுவிட்டு அரங்கக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் பலரால் வர இயலாது.