பெர்க் கலம்: பரிசு நால்வருக்கு, காத்திருப்பு இருபது ஆண்டுகள்
2023ஆம் ஆண்டுக்கான ராணி எலிசபெத் பொறியியல் பரிசை ஆஸ்திரேலிய விஞ்ஞானி மார்ட்டின் கிரீன் பெற்றதாகவும், அவருடைய பெர்க் (PERC, பின்பக்கத்தில் மின்கடத்தாப் படலம் வைத்த) சூரியக் கலம் வந்ததுமே சூரியத் தகடுகளின் விலை சரிந்ததாகவும் ஒரு கட்டுரை கூறுவதில் இரண்டுமே பாதி உண்மைதான். ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா ஜாவ் ஆகியோரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள், விழும் ஒளியில் 22.8 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறனை அறிவித்த 1989ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையிலோ ஐந்து பெயர்கள் இருந்தன. கலத்தின் பின்பக்கம் முழுவதும் அலுமினியம் சிலிக்கானைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்களில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிவிடுகிறது என்பதால், இடையில் மின்கடத்தாப் படலம் ஒன்றை வைத்து, சிறுசிறு புள்ளிகளில் மட்டும் உலோகத்தைத் தொடவிட்டார்கள். உறிஞ்சப்படாமல் கடந்துவந்த ஒளியும் அங்கிருந்து மீண்டும் சிலிக்கானுக்குள் திரும்புகிறது. ஆய்வகத்தில் இது நேர்த்தியாக நடந்தாலும், தொழிற்சாலையில் மலிவாகச் செய்ய வழியில்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அலுமினியம் ஆக்சைடு படலம் இதற்கு நன்கு உதவும் என்று 2000களில் நெதர்லாந்தின் ஐந்தோவன் உள்ளிட்ட இடங்களில் காட்டியவர்களும், படலத்தில் அந்தப் புள்ளிகளை லேசரால் திறக்கும் இயந்திரங்களை உருவாக்கியவர்களும் இந்தப் பரிசுப் பட்டியலில் இல்லை. 2019இல் எங்கள் மொட்டைமாடியில் ஏற்றிய தகட்டின் முதுகில் ‘மோனோ பெர்க்’ என்று ஒட்டியிருந்ததைக் காட்டி, அது என்னவென்று பொருத்த வந்தவரிடம் கேட்டேன். கம்பெனிப் பெயர் என்றார்.